கரண்ட் பில் தாறுமாறாக வந்தால் என்ன செய்வது? மலையகத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மாதாமாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாவுக்கு வரும் கரண்ட் பில் திடீரென்று மூவாயிரம், நாலாயிரம் என்று வந்து நின்றால், அன்றைக்கே மீட்டரடிக்குப் போய் அதில் தெரியும் இலக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினாலும், மீட்டர் பார்க்க வருகிற தம்பியோடு சண்டை பிடித்தாலும், "நான் கட்டவே மாட்டேன்" என்று இருந்துவிட்டாலும் ஒரு சதமும் குறையாது. மீட்டரில் இருக்கும் இலக்கம் இது, பில்லில் இருக்கும் இலக்கம் இது, இரண்டும் பொருந்தவில்லை என்று தாளில் காட்டினால் குறையும். இந்த விஷயத்தில் வாயைவிட இலக்கத்துக்குத்தான் பலம் அதிகம்.

முதன்முதலாகத் தங்கள் பெயரில் கணக்கு எடுத்தவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து தனிவீட்டுக்குக் குடிபோன குடும்பங்கள், மாற்றலாகி ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வந்து வாடகைக்கு இருக்கும் ஆசிரியர்கள், கொழும்பில் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பி வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிள்ளைகள். 1950இல் லக்ஷபானவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைகளின் தண்ணீர் நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்து வருகிறது. அந்த அணைக்கட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருந்த லயங்களுக்கு அந்த வெளிச்சம் வந்துசேர வெகுகாலம் பிடித்தது. இவ்வளவு பிந்தி வந்த வெளிச்சத்துக்குப் பிழையான காசையும் கட்ட வேண்டிய கட்டாயம் நம் ஆட்களுக்கு இல்லை.

முதலில் பில்லை வாசியுங்கள்

பில்லின் எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கங்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். கணக்கு இலக்கம், போன முறை வாசிப்பும் அதன் திகதியும், இந்த முறை வாசிப்பும் அதன் திகதியும், இடையில் எத்தனை நாள், பழைய நிலுவை எவ்வளவு: இவற்றைத் தேடிப் பேனையால் வட்டம் போடுங்கள்.

நிலுவையிலிருந்து தொடங்குவது நல்லது. பெரிய தொகையைப் பார்த்துப் பதறி வருபவர்களில் சிலருக்கு இந்த மாதப் பாவனை வழக்கம்போலத்தான் இருக்கும். போன மாதம் கட்டிய காசு கணக்கில் சேராமல் நிலுவையாக நிற்கும். கடையிலோ ஏஜென்டிடமோ கட்டும்போது கணக்கு இலக்கத்தில் ஒன்று மாறிப் பதிவாகியிருந்தால் உங்கள் காசு வேறு யாரோ ஒருவரின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பற்றுச்சீட்டு கையில் இருந்தால், அதிலுள்ள இலக்கத்தையும் பில்லிலுள்ள இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் மங்கலாக அடிக்கும் பற்றுச்சீட்டு சில மாதத்தில் அழிந்துபோகும். ஆகவே கட்டிய அன்றே அதையும் படம் எடுத்து வையுங்கள்.

நிலுவை சரியென்றால் அடுத்தது வாசிப்பு. மீட்டரில் இன்று தெரியும் இலக்கம், பில்லில் உள்ள "இந்த முறை" இலக்கத்தைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். வாசித்த நாளுக்குப் பிறகும் மீட்டர் ஓடியிருக்கும் அல்லவா? குறைவாக இருந்தால் பில் பிழை. அவ்வளவு எளிது.

மழைக்காலத்தில் லயத்து வெளிச்சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியைப் போய்ப் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் பனிபடர்ந்து, 3 எது 8 எது என்று தெரியாது. நான் கையில் வாங்கிப் பார்த்த ஒரு பில்லில் நடந்தது இதுதான். போன வாசிப்பு 04312. மீட்டரில் இருந்தது 04361. பில்லில் ஏறியது 04861. 49 யூனிட் எரித்த வீட்டுக்கு 549 யூனிட்டுக்குக் கணக்கு. இப்படியான பிழை அடுத்த மாதம் தானாகவே வெளியே வரும், ஏனென்றால் அடுத்த உண்மையான வாசிப்பு 04861ஐ விடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதுவரை காத்திருந்தால், கரண்டை வெட்டுவோம் என்று வரும் சிவப்பு நோட்டீஸ் முந்திவிடும்.

சக்கரம் சுற்றும் பழைய மீட்டரில் கடைசி இலக்கம் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும். அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அதையும் சேர்த்து வாசித்துவிட்டால் கணக்கு பத்து மடங்காகிவிடும். புது டிஜிட்டல் மீட்டரில் திரை மாறிமாறிப் பல இலக்கங்களைக் காட்டும்; கிலோவாட் மணி என்ற குறி தெரியும்போது வரும் இலக்கம்தான் யூனிட். படம் எடுக்கும்போது அந்தக் குறியும், மீட்டரின் தொடர் இலக்கமும் விழும்படி எடுங்கள். வேறு வீட்டு மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு போய் வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே சுவரில் ஆறு மீட்டர் வரிசையாக இருக்கும் லயத்தில் இது நடக்கக்கூடியதுதான். அதேபோல உங்கள் கணக்குக்குப் பக்கத்து வீட்டு மீட்டரின் வாசிப்பு ஏறுவதும் நடக்கும்.

நாள் கணக்கைப் பார்க்காமல் விட வேண்டாம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். மலையகத்தில் வரும் பில் பிணக்குகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது.

வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறும். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட்டுக்கு 4.50 ரூபா, அடுத்த 30க்கு 8 ரூபா. நிலையான கட்டணம் 30 யூனிட் வரை 80 ரூபா, 60 வரை 210 ரூபா. 60ஐத் தாண்டியதும் முழுக் கணக்கும் மாறிவிடும். முதல் 60 யூனிட்டுக்கும் 12.75, அடுத்து 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61 ரூபா. நிலையான கட்டணமும் 400, 1,000, 1,500, 2,100 என்று ஏறும். இவற்றின் மேல் வரி வேறு. கட்டணம் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் உங்கள் பில் மாதத்துக்குரிய விலைகளைப் பில்லிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். படி ஏறும் விதத்தை விளங்கிக்கொண்டால் போதும்.

60 யூனிட் எரித்த வீட்டுக்கு 135, 240, நிலையான கட்டணம் 210, மொத்தம் 585 ரூபா. 61 யூனிட் எரித்த வீட்டுக்கு 765, 18.50, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,183.50 ரூபா. ஒரேயொரு யூனிட்டால் பில் இரட்டிப்பாகிறது. 90இலிருந்து 91க்குப் போனாலும் 1,720 ரூபா 2,344 ஆகிவிடும். மேலே சொன்ன பனிபடர்ந்த மீட்டரின் கதையில், 497 ரூபா வரவேண்டிய வீட்டுக்கு இதே விலைகளில் 29,109 ரூபா காட்டும்.

இந்தப் படிகள் 30 நாளுக்கு உரியவை. வாசிப்புக்கும் வாசிப்புக்கும் இடையில் நாள் கூடினால் படிகளும் அதே விகிதத்தில் அகல வேண்டும். 33 நாளென்றால் முதல் படி 33 யூனிட். 60 நாளென்றால் முதல் படி 60 யூனிட், "60ஐத் தாண்டியது" என்ற கோடு 120 யூனிட்டில்.

நம் பக்கத்தில் மாதம் தவறாமல் வாசிப்பு நடப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பகலில் எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள், மீட்டர் வீட்டுக்குள் இருக்கும். பாதை சரிந்திருக்கும். மேல் லயத்துக்கு ஏற மழை விடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எத்தனை பாதைகள் அறுந்தன என்று நாம் பார்த்தோம். அப்படி ஒரு மாதம் விடுபட்டால், ஒன்றில் சராசரியாக ஒரு மதிப்பீட்டுப் பில் வரும், இல்லையென்றால் அடுத்த மாதம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வரும்.

மாதம் 50 யூனிட் எரிக்கும் வீடு ஒன்றுக்கு 60 நாள் சேர்ந்து 100 யூனிட் வருகிறது. நாள் கணக்குச் சரியாகப் போட்டால் 60 யூனிட்டுக்கு 4.50, மிச்சம் 40க்கு 8, ஆக 590 ரூபா, நிலையான கட்டணம் தனி. ஒரே மாதத்தில் 100 யூனிட் எரித்ததாகப் போட்டால் யூனிட்டுக்கான காசு மட்டுமே 1,560 ரூபா, நிலையான கட்டணம் இன்னும் 1,000 ரூபா. ஆகவே பில்லில் இரண்டு திகதிகளையும் பாருங்கள், விரல்விட்டு நாட்களை எண்ணுங்கள், பில்லில் போட்டிருக்கும் நாட்களோடு ஒத்துப் பாருங்கள். ஒவ்வாவிட்டால் உங்கள் முறைப்பாட்டின் முதல் வரியே அதுதான்.

மதிப்பீட்டுப் பில் சில மாதம் குறைவாக வந்து, பிறகு உண்மையான வாசிப்பு எடுத்ததும் மொத்தமாகக் கூடி வருவதும் உண்டு. அந்த மேலதிக யூனிட்டுகள் அந்த மாதங்கள் முழுவதற்கும் உரியவை. அவற்றை ஒரே மாதத்தின் மேல் படிகளில் ஏற்றாமல் உரிய மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கிடும்படி கேளுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு தடவை பாருங்கள்

முறைப்பாடு எழுதுமுன் வீட்டை ஒருமுறை சோதிப்பது உங்களுக்குத்தான் நல்லது. அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வியே "வீட்டில் புதிதாக என்ன வாங்கினீர்கள்?" என்பதாக இருக்கும்.

நுவரெலியாக் குளிரில் சுடுதண்ணீர்தான் பெரிய செலவு. 1,500 வாட் ஹீட்டர் கம்பியைத் தினம் அரை மணித்தியாலம் வாளிக்குள் போட்டால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல். மேலே சொன்ன விலைகளில், 50 யூனிட்டில் 505 ரூபாவுக்கு நின்ற வீடு 72 யூனிட்டுக்குப் போய் 1,387 ரூபா ஆகும். மீட்டரில் ஒரு பிழையும் இல்லை, படி மாறியதுதான் காரணம். குளியலறையில் பூட்டும் 3,500 வாட் ஹீட்டர் தினம் இருபது நிமிடம் ஓடினால் 35 யூனிட். மழை மாதங்களில் காயாத பள்ளிக்கூட உடுப்பை அயன் பண்ணியே காயவைப்பது, மூடுபனியால் பகலிலும் லைட் எரிவது, விறகு நனைந்துவிட்டதால் ஹொட் பிளேட்டில் சமைப்பது என்று எல்லாம் சேரும்.

இப்படி எதுவும் இல்லையென்றால் கசிவைத் தேடுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பொருட்களின் பிளக்கையும் கழற்றி, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பழைய மீட்டரில் சக்கரம் சுற்றினால், கரண்ட் எங்கோ போகிறது. (விளக்கு விடாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில மீட்டர்களில் பாவனை இல்லாதபோது அப்படித்தான் நிற்கும்.) அடுத்து மெயின் சுவிட்சை அணையுங்கள். இப்போது நின்றுவிட்டால் கோளாறு வீட்டு வயரிங்கில். ஈரம் ஊறிய சுவருக்குள் ஓடும் பழைய வயர், தகரக் கூரைக்கடியில் எலி கடித்த வயர், இவைதான் பெரும்பாலும். நல்ல வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுவரையோ பைப்பையோ தொட்டால் கிறுகிறுக்கிறது என்றால் பில்லை மறந்துவிட்டு உடனே மெயினை அணையுங்கள். அது உயிர்ப் பிரச்சினை. மெயினை அணைத்த பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால், மீட்டரில் கோளாறு அல்லது மெயினுக்கு முன்னாலேயே யாரோ கரண்ட் எடுக்கிறார்கள். அதை நீங்கள் தொடக்கூடாது, வீடியோ எடுத்து மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், 1600 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் நிறைந்த மின்சாரக் கேத்தலை மட்டும் போடுங்கள். கேத்தலின் அடியில் 2000 வாட் என்று இருந்தால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 53 தடவை மின்ன வேண்டும். ஒருவர் போனில் நேரம் பார்க்க, ஒருவர் எண்ணினால் சரியாக வரும். வோல்டேஜ் ஏறி இறங்குவதால் ஐந்தாறு கூடக் குறைய இருக்கும், அது பரவாயில்லை. எண்பது, தொண்ணூறு என்று போனால் மீட்டரைப் பரிசோதிக்கக் கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது.

எந்த நிலையிலும் மீட்டரின் சீலை உடைக்க வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம், "நான் சரிபண்ணித் தாறேன்" என்று வருபவரையும் கிட்டச் சேர்க்க வேண்டாம். அது குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு சீலால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

முறைப்பாட்டைப் பதிவு செய்தல்

டவுனுக்கு ஒரு நாள் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பது தோட்டத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். ஆகவே முதலில் மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். கணக்கு இலக்கம், பில்லிலுள்ள வாசிப்பு, மீட்டரில் இன்றுள்ள வாசிப்பு மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடிக்குமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த இலக்கமில்லாத அழைப்பைப் பின்னால் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வெறும் வாசிப்புப் பிழையென்றால் இந்த மட்டத்திலேயே ஆள் வந்து பார்த்துத் திருத்துவதற்கு வாய்ப்பிருக்கிறது.

ஒன்றும் நடக்காவிட்டால் எழுத்தில் போக வேண்டும். உங்கள் பில்லில் குறிப்பிட்டிருக்கும் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின்படி மின்சார சபையின் வேலைகள் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கப்படுவதால் பெயர்ப்பலகை மாறியிருக்கலாம். புதிய பில்லில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்கே எழுதுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின்படி அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேடி, கடைசியில் நாம் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று ஆவதைவிட இது மேல். தமிழ்க் கடிதத்தை ஏற்க மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கடிதம் இப்படி இருந்தால் போதும் (இதில் பட்டியல் என்பது பில், மின்மானி என்பது மீட்டர், அலகு என்பது யூனிட்):

"பிரதேச மின் பொறியியலாளர் அவர்கட்கு,

கணக்கு இலக்கம் ............ : ............ மாதப் பட்டியல் தொடர்பான முறைப்பாடு

மேற்படி கணக்குக்கு ............ அன்று வழங்கப்பட்ட பட்டியலில் தற்போதைய வாசிப்பு ............ எனக் குறிக்கப்பட்டுள்ளது. ............ அன்று எமது மின்மானியில் இருந்த வாசிப்பு ............ ஆகும் (புகைப்படம், இணைப்பு 1). கடந்த ஆறு மாதங்களில் எமது மாதாந்தப் பாவனை ............ அலகுகளுக்கு மேற்படவில்லை (பட்டியல்களின் பிரதிகள், இணைப்பு 2). இது தொடர்பாக ............ அன்று தொலைபேசியில் முறையிட்டேன், முறைப்பாட்டு இலக்கம்............ .

எனவே மின்மானியை மீள வாசித்துப் பட்டியலைத் திருத்தித் தருமாறும், தொகை கணக்கிடப்பட்ட விதத்தை நாட்களின் எண்ணிக்கையோடு எழுத்தில் அறியத்தருமாறும், விசாரணை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான பாவனைக்குரிய ............ ரூபாவை ............ அன்று செலுத்தியுள்ளேன் (பற்றுச்சீட்டின் பிரதி, இணைப்பு 3)."

கோபத்தை இதில் எழுத வேண்டாம். ஏழை, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் கோப்பைப் பார்க்கிறவர் தேடுவது இலக்கத்தை. இரண்டு பிரதி எடுத்து, நேரில் கொடுத்தால் ஒன்றில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைக் கடிதப் பிரதியோடு ஒட்டி வையுங்கள்.

கடிதத்தின் கடைசி வரி முக்கியமானது. பிணக்கு இருக்கிறது என்பதற்காக ஒன்றுமே கட்டாமல் விட்டால் துண்டிப்பு நோட்டீசுக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். வழக்கமாக வருகிற தொகையைக் கட்டிவிடுங்கள். கட்டியதால் பில்லை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அதற்காகத்தான் "வழக்கமான பாவனைக்குரிய தொகை" என்று கடிதத்தில் எழுதுகிறோம். சிவப்பு நோட்டீஸ் வந்துவிட்டால் தபாலை நம்பியிராமல் அன்றே கடிதப் பிரதியோடு நேரில் போங்கள். இந்த ஒரு பேரை இழந்தாலும் பரவாயில்லை, துண்டித்த பிறகு மீள்இணைப்புக்கும் காசு கட்ட வேண்டிவரும்.

புயலாலோ மண்சரிவு அபாயத்தாலோ வீட்டைவிட்டு முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்த காலத்துக்குப் பில் வந்திருந்தால், அந்த நாட்களை உறுதிப்படுத்திக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். ஆளில்லாத வீட்டுக்குச் சராசரிப் பாவனை போடுவது நியாயமில்லை என்பதை அந்தக் கடிதம் பேசும்.

மீட்டரைப் பரிசோதிக்கக் கேட்பது

வாசிப்பு சரி, நாட்களும் சரி, வீட்டிலும் கசிவில்லை. அப்படியானால் மீட்டரைப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு. எவ்வளவு, மீட்டர் பிழையென்று தெரிந்தால் அந்தக் காசு திரும்பக் கிடைக்குமா என்பதைக் கட்டுமுன் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு மீட்டரைக் கூடவே பொருத்திச் சில நாள் ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது ஒரு முறை. பொருத்துகிற அன்று இரண்டு மீட்டரின் வாசிப்பையும் ஒரே படத்தில் எடுங்கள், கழற்றுகிற அன்றும் அப்படியே. அந்த நாட்களில் வேண்டுமென்று பாவனையைக் குறைக்க வேண்டாம். வழக்கம்போல ஓடவிட்டால்தான் ஒப்பீடு சரியாக வரும். பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதைப் போடுவதாக இருந்தால், கழற்றிய மீட்டரின் கடைசி இலக்கமும் புதியதன் முதல் இலக்கமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பிறகு வரும் பில்லை யாராலும் சரிபார்க்க முடியாது. இடி மின்னலில் மீட்டர் கெட்டுப்போனால் அதே நாளில் 1987க்குச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மேலே கொண்டுபோவது

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் காரணமில்லாமல் "சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிந்துவிட்டால், கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அதிகாரியிடம் உங்கள் கணக்கின் கடந்த ஒரு வருட வாசிப்புகள், ஒவ்வொரு வாசிப்பும் உண்மையாக எடுத்ததா மதிப்பீடா, மீட்டர் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்கலாம். கிடைக்குமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. இந்தச் சட்டத்தை நம் ஆட்கள் இன்னும் போதிய அளவு கையில் எடுக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். "எந்த மாதம் மதிப்பீடு" என்ற ஒரே பதிலில் பல பிணக்குகள் தெளிந்துவிடும்.

அடுத்தது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. கட்டணத் திருத்தங்களுக்கு அனுமதி கொடுப்பதும் அதுவே. அலுவலகம் கொழும்பு 03இல் இருந்தாலும் அங்கு போய் நிற்கத் தேவையில்லை. தபாலிலும் இணையத்திலும் முறையிடலாம். நேரடியாக அங்கே எழுதினால் "முதலில் உங்கள் பிரதேச அலுவலகத்திடம் கேட்டீர்களா?" என்பார்கள். அதனால்தான் முத்திரை வாங்கிய பிரதி, முறைப்பாட்டு இலக்கம், பதிவுத் தபால் துண்டு என்று இவ்வளவையும் சேர்க்கச் சொன்னேன். எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் நடந்ததைச் சுருக்கி எழுதி அனுப்புங்கள். கோப்பு அந்த வரிசையில் இருந்தால் பார்க்கிறவருக்கு விளங்கும்.

தோட்டத் தலைவரிடம் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லுங்கள், கூட வந்தால் நல்லது. ஆனால் கடிதம் கணக்குக்காரரின் பெயரில், கணக்குக்காரரின் கையெழுத்தில் போக வேண்டும்.

ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம்

பில் பிழையில்லாமலே கூடிவருவதற்கு மலையகத்தில் ஒரு பெரிய காரணம் இதுதான். பிள்ளைக்குக் கல்யாணமாகி லயத்தின் பின்பக்கம் ஒரு காம்பரா கட்டி, அதே மீட்டரிலிருந்து வயர் இழுத்திருப்பார்கள். மேலே சொன்ன 2025 விலைகளில், தனித்தனியாக 50 யூனிட் எரிக்கும் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால் தலைக்கு 505 ரூபா, இரண்டுக்கும் 1,010. ஒரே மீட்டரில் 100 யூனிட்டாகச் சேர்ந்தால் 2,560 ரூபா. மாதாமாதம் 1,550 ரூபா வீணாகப் போகிறது. இதற்கு முறைப்பாடு எழுதிப் பயனில்லை, தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். காணி உறுதி இல்லாத இடத்தில் தோட்ட நிர்வாகத்தின் கடிதமோ கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோ கேட்கப்படலாம். இணைப்புக்கு ஒரு தடவை கட்டும் காசு பெரிதாகத் தெரியும். மேலேயுள்ள 1,550ஐ மாதத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வாங்கினால், மெயின் பில்லைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் வருவது நியாயமான விலை. குடிபோகிற அன்றும் வெளியேறுகிற அன்றும் வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று வாசிப்பை எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

வீட்டின் முன்னறையில் சின்னக் கடை, தையல், இடியப்பம் அவிப்பது என்று ஏதாவது நடந்தால், கணக்கு இன்னும் வீட்டுப் பாவனையில்தான் இருக்கிறதா என்று பில்லில் பாருங்கள். வகை மாறியிருந்தால் விலையும் மாறியிருக்கும்.

திருத்திய பில் வந்த பிறகு அதையும் சரிபாருங்கள். குறைக்கப்பட்ட தொகை அடுத்த மாத நிலுவை வரியில் இறங்கியிருக்கிறதா, கூடுதலாகக் கட்டிய காசு வரவாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று பில்லுக்குப் பழைய நிலுவை மீண்டும் தலைகாட்டினால் திருத்தக் கடிதத்தின் பிரதியோடு அதே அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

கணக்கு இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறது என்றால், பிணக்கு முடியும்வரை பொறுத்திருக்காமல் பெயர் மாற்றத்தையும் கூடவே ஆரம்பித்துவிடுங்கள். மரணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் கடிதம், கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் போட்டோ கொப்பியோடு போய், வேறென்ன வேண்டுமென்று அலுவலகத்தில் பட்டியல் கேட்டு வாங்குங்கள்.